அம்மாவுக்கு மெடிக்கல் எய்ட் எடுப்பதா, அரசு மருத்துவமனையிலேயே தொடர்வதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஓர் ஊரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 66. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளன. மாத்திரைகளால் இரண்டும் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முதியோர் உதவித்தொகை பெறுகிறார். மாதந்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு அரசு மருத்துவமனை வரிசையில் போய் நின்றால், மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடுகிறது. மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டத்தில் சேர்க்கலாம் என்றால் சந்தா மிக அதிகம். ஒரு முகவர் மலிவான ஹாஸ்பிட்டல் கேஷ் பிளான் ஒன்றை எடுக்கச் சொல்கிறார். என் தம்பியோ, எல்லோருக்கும் ஒரே பொது நிதியிலிருந்து மருத்துவம் தரும் என்ஹெச்ஐ வரப்போகிறது, அதுவரை பொறுத்திருப்போம் என்கிறான். அம்மாவை இப்படி வரிசையில் நிற்க வைப்பது எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் கேட்கப்பட்டிருப்பவற்றைவிடக் கேட்கப்படாத ஒன்று எனக்கு அதிகக் கவலையைத் தந்தது. வரிசையைப் பற்றியும் சந்தாவைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அம்மாவின் சிறுநீரகத்தையும் கண்களையும் பாதங்களையும் கடைசியாக யார், எப்போது பரிசோதித்தார்கள் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. நம் நாட்டின் பொது மருத்துவத் துறையில் வரிசை ஒரு துன்பம்தான். ஆயினும் காத்திருந்தால் அது நகரும். காத்திருந்தாலும் நகராத இடம் ஒன்று இருக்கிறது. அது டயாலிசிஸ் பிரிவு. அம்மா அந்த நிலைக்குப் போகாமல் காப்பதே உங்கள் முதல் வேலை என்று கருதுகிறேன். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் உங்கள் ஊர் அரசுக் கிளினிக்கிலேயே, கட்டணமின்றிக் கிடைக்கக்கூடியவை. இதை விரிவாகச் சொல்வதற்கு முன், நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

என்ஹெச்ஐ எனப்படும் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரமபோசா 2024 மே 15 அன்று கையொப்பமிட்டார். 2011-இல் வெளியான முதல் கொள்கை வரைவிலிருந்து அந்தக் கையொப்பம் வரை பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. கையொப்பம் ஆனதாலேயே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. அதன் பிரிவுகள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட வேண்டும், நிதி திரட்டப்பட வேண்டும், அந்த நிதியிலிருந்து பணம் பெறும் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தரச்சான்று பெற வேண்டும். கையொப்பமான உடனேயே நீதிமன்ற வழக்குகளும் தொடங்கிவிட்டன. பணமுள்ளவருக்கு ஒரு மருத்துவம், இல்லாதவருக்கு வேறொரு மருத்துவம் என்ற பிளவை மாற்ற வேண்டும் என்ற அதன் அடிப்படை நோக்கத்தை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே மெடிக்கல் எய்டில் இருக்கும் நாட்டில், மருத்துவத்துக்காகச் செலவாகும் மொத்தப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி தனியார் துறைக்குப் போவது நியாயமல்ல. ஆனால் பணத்தை ஒரே பெட்டியில் சேர்ப்பதால் மட்டும் காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடம் நிரம்பிவிடாது. பயிற்சியும் கட்டாயச் சமூகப் பணியும் முடித்த இளம் மருத்துவர்கள் வேலை கேட்டு வீதியில் நின்றதை அண்மை ஆண்டுகளில் நாம் பார்த்தோம். அதே காலத்தில் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறையும் நீடித்தது. எனவே, தம்பியின் நம்பிக்கையில் பிழையில்லை என்றாலும், அம்மாவின் அடுத்த ஐந்தாண்டு மருத்துவத்தை அந்தச் சட்டத்தை நம்பித் திட்டமிட வேண்டாம்.

மெடிக்கல் எய்டைப் பொறுத்தவரை, 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டம் வயதையோ நோயையோ காரணம் காட்டி ஒருவரை மறுக்க அனுமதிப்பதில்லை. ஆனால் தாமதமாகச் சேருபவருக்குக் கூடுதல் சந்தா விதிக்க அனுமதிக்கிறது. 35 வயதுக்குப் பிறகு காப்பில்லாமல் கழிந்த ஆண்டுகளை எண்ணி அந்தக் கூடுதல் விதிக்கப்படுகிறது. இதுவரை எந்தத் திட்டத்திலும் இல்லாத உங்கள் அம்மாவுக்கு அது 31 ஆண்டுகள் ஆகிறது. 25 ஆண்டுகளுக்கு மேல் என்றால் 75 விழுக்காடு வரை கூடுதல் கட்ட வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, அவருக்கான சந்தா 2,000 ராண்ட் என்றால், அது 3,500 ராண்டாகும். அந்தக் கூடுதல் பின்னாளில் குறையாது. மேலும், முதல் மூன்று மாதங்களுக்குப் பொதுவான காத்திருப்புக் காலமும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் விதிக்கப்படலாம். அதாவது, எந்தச் சர்க்கரைக்காகச் சேர்க்க நினைக்கிறீர்களோ, அதற்கே ஓராண்டு முழுவதும் சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருக்க நேரலாம்.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, கிளினிக்குகளிலும் சமூக சுகாதார மையங்களிலும் இலவச ஆரம்ப சிகிச்சை பெறும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது; மெடிக்கல் எய்டில் இருப்பவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையிலும் அவர்கள் முழுக் கட்டணம் செலுத்துபவர்களாகவே வகைப்படுத்தப்படுவார்கள். உங்கள் அம்மாவோ முதியோர் உதவித்தொகை பெறுபவர் என்பதால், கட்டணப் பட்டியலில் முழு விலக்குப் பெறும் பிரிவில் இருக்கிறார். மலிவான ஒரு திட்டத்தில் அவரைச் சேர்த்துவிட்டு, ஆண்டு நடுவில் அதன் வரம்பு தீர்ந்து அரசு மருத்துவமனைக்கே திரும்பும் குடும்பங்கள் இரண்டு பக்கமும் இழக்கின்றன. வருமானம் தாராளமாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இந்தச் சந்தாவைக் கட்ட வீட்டில் வேறு எதையோ குறைக்க வேண்டியிருக்கும் என்றே தோன்றுகிறது.

முகவர் சொல்லும் ஹாஸ்பிட்டல் கேஷ் பிளான் மெடிக்கல் எய்டே அல்ல. மருத்துவமனையில் படுத்த நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அது உங்கள் கையில் தரும்; மருத்துவமனைக் கட்டணம் எவ்வளவு ஆனாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மெடிக்கல் எய்டுகள் கட்டாயமாக ஈடுசெய்ய வேண்டிய குறைந்தபட்ச நோய்ப் பட்டியல் ஒன்று சட்டத்தில் உண்டு. அந்தப் பட்டியல் இத்தகைய பாலிசிகளைக் கட்டுப்படுத்தாது. அம்மாவுக்கு மாதந்தோறும் வேண்டியவை மாத்திரையும் பரிசோதனையும். இந்தப் பாலிசி அவற்றுக்கு ஒரு சென்ட் கூடத் தராது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி வரிசைக்கு வருகிறேன். நம் மக்களிடையே, குறிப்பாக உங்கள் அம்மாவின் தலைமுறையில், கிளினிக் என்பது குழந்தைக்குத் தடுப்பூசி போடும் இடம், மருத்துவம் என்றால் மருத்துவமனை என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. அதனால் கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தக்காரர்கள் எல்லோரும் மாவட்ட மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலேயே குவிகிறார்கள். அங்கே காகிதக் கோப்பைத் தேடி எடுப்பதற்கு ஒரு வரிசை, இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஒரு வரிசை, மருத்துவருக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று. இதைத் தளர்த்தவே 2014-இல் ஒரு மருந்து வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இப்போது அது டாப்லாப் மெட்ஸ் என்ற பெயரில் மக்களிடையே அறியப்படுகிறது. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர் என்று மருத்துவரோ செவிலியரோ எழுதிக்கொடுத்தால், பொதி கட்டப்பட்ட மருந்து, வீட்டுக்கு அருகில் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்துக் கடைக்கோ வேறொரு வழங்கிடத்துக்கோ வந்து சேரும். செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அடையாள அட்டையுடன் போய்ப் பெற்றுக்கொள்ளலாம். பெரும்பாலும் இரண்டு மாத மருந்து சேர்த்தே கிடைக்கும். இதற்குக் கட்டணம் இல்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இரண்டு கோரிக்கைகளை வையுங்கள். அம்மாவை ஊர்க் கிளினிக்குக்கு மாற்றி, நோய் விவரமும் மருந்து விவரமும் அடங்கிய கடிதம் ஒன்றைத் தரச் சொல்லுங்கள். டாப்லாப் திட்டத்தில் பதிவு செய்யவும் கேளுங்கள். பதிவுக்குத் தகுதி இல்லை என்று அவர் சொன்னால், கட்டுப்பாட்டில் இல்லாதது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதில் உங்களுக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் கட்டுப்பாட்டில் இல்லாத நோயாளிதான் உண்மையில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். இந்த மாற்றம் நடந்துவிட்டால், விடியற்காலை வரிசைகளில் பெரும்பாலானவை அம்மாவின் வாழ்க்கையிலிருந்து நீங்கிவிடும். குற்ற உணர்வு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை, இந்த வழியை உங்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது, தொடக்கத்தில் நான் சொன்ன டயாலிசிஸுக்கு வருகிறேன். நம் அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு, மருத்துவ சேவை பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அவசர சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவின் பொருள் என்ன என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த முதல் வழக்கு நம் டர்பனிலிருந்துதான் சென்றது. சுப்ரமணி வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். வழக்குத் தொடுத்தவர் 41 வயதுக்காரர், வேலையில்லாதவர், சர்க்கரை நோயாளி. இதயமும் மூளையின் இரத்தக்குழாய்களும் பாதிக்கப்பட்ட நிலையில் சிறுநீரகமும் செயலிழந்திருந்தது. தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டதில் கையிலிருந்த பணம் தீர்ந்துபோக, அடிங்டன் மருத்துவமனையை நாடினார். அங்கே இயந்திரங்களும் ஆட்களும் போதாமையால், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கே டயாலிசிஸ் என்ற விதி இருந்தது. இதய நோய் இருந்ததால் அவர் அந்தத் தகுதியைப் பெறவில்லை. 1997 நவம்பர் 27 அன்று நீதிமன்றம் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வாரந்தோறும் தொடர வேண்டிய சிகிச்சை, அரசியலமைப்பு சொல்லும் அவசர சிகிச்சை ஆகாது என்றும், இருக்கும் வளத்துக்குள்தான் அரசால் செய்ய முடியும் என்றும், நேர்மையாக வகுக்கப்பட்டு நியாயமாகப் பின்பற்றப்படும் விதியில் நீதிமன்றம் தலையிடாது என்றும் தீர்ப்பு கூறியது. அவர் விரைவிலேயே இறந்துபோனார்.

அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஒரு மருத்துவமனையின் இயந்திரங்களை யாருக்குத் தருவது என்று நீதிபதிகள் முடிவு செய்ய முடியாது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழிந்தும் டயாலிசிஸ் இடங்கள் தேவைக்கு ஏற்ப வளரவில்லை என்பதே என் மனத்தை வருத்துகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், தனியார் காப்புள்ளவர்களிடையே டயாலிசிஸ் பெறுபவரின் விகிதம் பொதுத் துறையைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். பொதுத் துறையில் இடத்துக்காகப் பரிசீலிக்கும்போது, அறுபதைக் கடந்த வயதும், சர்க்கரையால் இதயமும் இரத்தக்குழாய்களும் கெட்டிருப்பதும் பொதுவாக ஒருவருக்கு எதிராகவே எடைபோடப்படுகின்றன. உங்கள் அம்மாவின் வயதை மறுபடி எண்ணிப் பாருங்கள். மெடிக்கல் எய்ட் இருந்தால் இதிலிருந்து தப்பலாம் என்று எண்ணுவோரும் உண்டு. சட்டத்தின் குறைந்தபட்ச நோய்ப் பட்டியலில் கூட, டயாலிசிஸ் சுகாதாரத் துறை வகுத்த தகுதிகள் பொருந்தினால் மட்டுமே என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது; அதற்கு மேல் கிடைப்பது அந்தந்தத் திட்டத்தைப் பொறுத்தது. மலிவான திட்டத்தில் அதையும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

சிறுநீரகம் கெடுவது வெளியே தெரியாது. வலி இல்லை, கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும். ஆனால் தொடக்கத்திலேயே அதைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனைகள் இரண்டு உண்டு: இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்ற சோதனை. சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இவை செய்யப்பட வேண்டும். நாட்டின் ஆரம்ப சிகிச்சை வழிகாட்டியிலும் இவை இருக்கின்றன. ஆனால் நெரிசலான நாளில், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, அழுத்தம் பார்த்து, பழைய மருந்தையே எழுதி அனுப்பிவிடுவது நடக்கிறது. அன்றைய சர்க்கரை எண் அன்றைய கதையை மட்டுமே சொல்லும். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற சோதனையே கட்டுப்பாட்டின் உண்மையைச் சொல்லும். இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிவுகளை ஒரு சிறு நோட்டில் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கோப்பு தொலைந்தாலும் அந்த நோட்டு உங்களிடம் இருக்கும்.

சிறுநீரில் புரதம் கசிவது தெரியவந்தால் அஞ்ச வேண்டாம். எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, அந்தக் கசிவையும் குறைத்துச் சிறுநீரகம் கெடும் வேகத்தைத் தளர்த்துகின்றன. அவை அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன, கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்மா அதை ஏற்கெனவே உட்கொள்கிறாரா, அளவு போதுமானதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவும் கிரியாட்டினினைப் பார்த்தே தீர்மானிக்கப்பட வேண்டியது. இதோடு ஓர் எச்சரிக்கை: முழங்கால் வலிக்கு என்று கடைகளில் வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், எனலாப்ரிலும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் வயதானவருக்குச் சிறுநீரகத்தைச் சட்டென்று கெடுக்கக்கூடியவை. அவற்றை வீட்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள். வலி இருந்தால் அளவோடு பாராசிட்டமால் போதும்.

கண்ணின் விழித்திரையை ஆண்டுக்கொரு முறை பார்க்கச் செய்யுங்கள். கிளினிக்கில் அதற்கு வசதி இல்லையென்றால், கண் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பாதங்களை நீங்களே ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம். நம் ஊரில் காவடிக்கும் தீமிதிக்கும் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கம் உண்டு. உணர்ச்சி குறைந்த பாதமுள்ள சர்க்கரை நோயாளிக்குச் சூடேறிய தார்ச்சாலையே கொப்புளம் எழுப்பப் போதுமானது, அந்தக் கொப்புளம் பழுத்து விரலை எடுக்கும் நிலைக்கும் வரக்கூடும். அம்மாவுக்குக் கோயில் நேர்த்தி ஏதாவது இருந்தால், பூசகரிடம் பேசிப் பால்குடத்தை நிழலான தூரம் மட்டும் எடுக்கச் செய்யலாம், அல்லது வேறொருவர் எடுக்கலாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

சந்தாவாகக் கட்ட எண்ணிய பணத்தில் ஒரு சிறு பகுதியை மாதந்தோறும் தனியே ஒதுக்கி வையுங்கள். காய்ச்சலோ கால் புண்ணோ வந்து, கிளினிக்குக்குப் போக நாள் இருக்கிறது என்னும் நேரத்தில் தனியார் மருத்துவரைப் பணம் கொடுத்துப் பார்க்கவும், நல்ல காலணி வாங்கவும், கண்ணாடி மாற்றவும் அது உதவும். மூச்சுத் திணறல், மார்பு வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல் போன்றவற்றுக்கு எந்த மருத்துவமனைக்கும், தனியார் உட்பட, நேரே கொண்டு செல்லலாம். அந்த நேரத்தில் பணம் கேட்டு மறுப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. நிலைப்படுத்திய பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள்.

கேட்ட பரிசோதனை மறுக்கப்பட்டாலோ, மருந்து தொடர்ந்து இல்லை என்று திருப்பி அனுப்பினாலோ, எழுத்தில் புகார் கொடுங்கள். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஒவ்வொரு மருத்துவ நிலையத்திலும் அதற்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும், 25 வேலை நாள்களுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது தேசிய வழிகாட்டி. அங்கே பயனில்லை என்றால் சுகாதாரக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புகார் கொடுத்தால் அம்மாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. செவிலியரைக் குறை சொல்லாமல், தேதி, நடந்தது, கேட்டது, கிடைக்காதது என்று மட்டும் எழுதினால் அந்த அச்சத்துக்குப் பெரிதாக இடமிருக்காது. நம் மாகாணத்தில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்து, நிபுணர்கள் இல்லாமல் நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தபோது, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கொடுத்த புகாரிலிருந்துதான் மனித உரிமை ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று 2017 ஜூனில் அறிக்கை வெளியிட்டது.

கிளினிக்குக்கு முதன்முறை போகும்போது அம்மாவின் அடையாள அட்டை, உதவித்தொகைச் சான்று, மருத்துவமனை தந்த மாற்றுக் கடிதம், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அத்தனையையும் அவற்றின் உறைகளோடு ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு நாளை மட்டும் வாங்காமல் மணியையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். சிறுநீர், கிரியாட்டினின் முடிவுகள் வந்ததும் அந்த எண்களை எனக்கு எழுதுங்கள். அவற்றை வைத்து, அடுத்து மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.